எந்தப் பிரதியைக் கேட்கிறோம்?

சுங்கைப்பட்டாணியில் எனக்குத் தெரிந்து ஆறேழு இளைஞர்கள் இசைத்தட்டு சேகரிக்கிறார்கள். எல்லாருமே தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். ஸ்கார்பரோ, பட்டாணி பாரா, ஹார்வர்ட் என்று தாத்தா பால் வெட்டிய தோட்டத்தின் பெயரைச் சொல்லத் தெரியும். பல இடங்களில் அந்தப் பெயர் இன்று தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில்தான் மிச்சம். இவர்கள் சம்பளத்தில் நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு எல்பி வாங்குகிறார்கள், பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குனிந்து தட்டுகளைப் புரட்டுகிறார்கள், வாங்கியதைப் படமெடுத்துப் போடுகிறார்கள். படத்தோடு ஒரு வாசகமும் வரும். அனலாக் உயிருள்ளது, டிஜிட்டல் செத்தது என்கிற பொருளில் ஏதாவது ஒன்று.

எனக்கு இந்த வாசகத்தோடு கொஞ்சம் சண்டை உண்டு. இசைத்தட்டின் மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. என் அறையிலும் ஒரு சுழல்தட்டு இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு நம் வீடுகளின் கேட்டல் அனுபவத்தை இன்னொருவருடைய நினைவாக மாற்றிவிடுகிறது. அதோடு, டிஜிட்டலில் வரும் தமிழ்ப் பாடல்களிடம் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வியை மறைத்தும் விடுகிறது.

முதலில் நினைவைப் பார்ப்போம். கெடாத் தோட்டங்களில் இசைத்தட்டு யாரிடம் இருந்தது? என் அப்பாவிடம் கேட்டேன். "நம்ம லயத்துலயா? கிராணி வீட்டுல இருந்துச்சு. டிரெசர் வீட்டுல இருந்துச்சு. நாங்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கேப்போம்" என்றார். லயத்து வீடுகளில் இருந்தது ரேடியோ. அதுவும் மத்திய அலை ரேடியோ. அதில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் வராது. தோட்டத்தில் கரண்டு மாலையில் சில மணி நேரம்தான் என்பதால் பேட்டரியில் ஓடும். பேட்டரி தீரத் தீர பாட்டும் மங்கும். இன்று மின்னல் எஃப்எம் என்று அறியப்படும் ஒலிபரப்பின் பழைய தமிழ்ப் பிரிவுதான் எங்கள் குடும்பத்தின் இசைக்கல்வி. அதற்கடுத்து கேசட். அதற்கும் அடுத்து பசார் மாலாமில் விற்ற எம்பி3 குறுந்தட்டு. 128 கேபிபிஎஸ் தரத்தில் 150 பாட்டு ஒரே தட்டில் அடங்கியதற்குக் காரணம், ஒவ்வொரு பாட்டிலிருந்தும் பெரும்பகுதி தகவல் கழிக்கப்பட்டிருந்ததுதான்.

இவற்றுக்கெல்லாம் மேலே கோயில் குழாய் ஸ்பீக்கர். மாரியம்மன் திருவிழாவில் விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனும், பொழுது ஏறினால் எல்.ஆர்.ஈஸ்வரியும் அந்தக் குழாயிலிருந்துதான் வந்தார்கள். அந்த மாதிரிக் குழாயில் தாழ்ந்த ஒலி சுத்தமாகக் கிடையாது, உச்ச ஒலியும் பாதிதான். ஹைஃபை ஆசாமி எவனும் அதை ஒலி என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். ஆனால் பால்மரங்களைத் தாண்டி அரை மைல் வந்து சேரும்போது அது என்ன செய்தது என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். ஆக, நம் பெற்றோரை உருக வைத்த ஒலி தரத்தில் எல்பிக்குப் பல படிகள் கீழே. அவர்களுடைய ஏக்கத்தைப் பேசுவதற்கு நாம் ஏன் கிராணி வீட்டுப் பொருளை எடுத்துக்கொள்கிறோம் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். வர்க்கம் ஏறியவர்களின் நினைவு சும்மா இருக்காது, பழைய சாமான்களையும் மேம்படுத்திக்கொள்ளும் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

அப்படியானால் எல்பியில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எல்பி போட்டால் உட்கார்ந்து கேட்கிறோம், ஸ்பாட்டிஃபையில் அதே பாட்டு ஓடும்போது பாத்திரம் கழுவுகிறோம். இந்த வேறுபாடு பொய் இல்லை. அதன் காரணம் எங்கே இருக்கிறது என்பதில்தான் தகராறு.

டிஜிட்டல் என்ற முறையில் காரணம் இல்லை என்பதற்கு ஒரு நல்ல வழக்கு உண்டு. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்றொரு நிறுவனம், மூல ஒலிநாடாவிலிருந்து நேரடியாக வெட்டிய தட்டுகள் என்று பெயர் வாங்கி, மற்றவர்களைவிட அதிக விலைக்கு விற்றுவந்தது. 2022 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரத்து இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் யூடியூபில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். அந்தத் தட்டுகளின் தயாரிப்பில் நடுவே ஒரு டிஜிட்டல் கட்டம் இருக்கிறது என்றார். நிறுவனத்தின் பொறியாளர்களும் பேட்டியில் ஒத்துக்கொண்டார்கள். 2011 முதலே அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. டிஜிட்டல் வாசனை பட்டாலே காது வலிக்கும் என்றவர்கள் பத்து வருஷத்துக்கும் மேலாக அதே தட்டுகளை அனலாக் சிகரங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கு, இழப்பீடு எல்லாம் பிறகு நடந்தது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அவர்கள் அனுபவித்த சுகம் உண்மையானது, அந்தச் சுகத்துக்கு டிஜிட்டல் குறுக்கே நிற்கவில்லை. அவ்வளவுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள இருக்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். எல்பியைச் சுழலவிட்டு, அதன் ஒலியைக் கணினியில் சாதாரண சிடி தரத்தில், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில், பதிந்துகொள்ள வேண்டும். பிறகு தட்டையும் கோப்பையும் ஒரே சத்த அளவில் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே அளவு என்பது முக்கியம். கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலிப்பது எதுவும் மேலானதாகவே படும். 1933-லேயே பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியதுபோல், சத்தம் குறையும்போது காதுக்கு அடித்தொனி முதலில் மறைகிறது. சேகரிக்கும் நண்பர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். எது தட்டு, எது கோப்பு என்று அவரால் பிரிக்க முடியவில்லை. ஊசியின் கிறுகிறுப்பு, அந்தக் கதகதப்பு, அவர் எதற்காகக் காசு கொடுத்தாரோ அத்தனையும் கோப்புக்குள் இருந்தது. "அப்ப ஸ்பாட்டிஃபைல ஏன் இப்பிடி இல்ல?" என்றார்.

சரியான கேள்வி. ஸ்பாட்டிஃபையில் இருப்பது வேறு பிரதி.

நாம் இலக்கியம் வாசிக்கிறவர்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவரும் முன் எத்தனை ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார் என்ற கதை நமக்குப் பாடம். எந்த ஏடு, யார் வீட்டு ஏடு, எந்த இடத்தில் செல்லரித்தது, எந்தச் சொல் ஏடெழுதியவர் கைத்தவறு என்று பார்ப்பதைப் பதிப்பு என்கிறோம். பாரதி கவிதையில் ஒரு சொல் மாறினால் சண்டைக்கு வருகிறோம். ஆனால் கே.வி.மகாதேவனின் பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் தட்டும்போது, அது எதிலிருந்து எடுத்தது என்று கேட்பதில்லை. மூல ஒலிநாடாவிலிருந்தா? யாரோ வைத்திருந்த தேய்ந்த இபி தட்டிலிருந்தா? கேசட்டிலிருந்தா? படச்சுருளின் ஒலிப்பட்டையிலிருந்தா? இந்த நான்கும் நான்கு விதமாக ஒலிக்கும். செயலியில் படத்தின் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும். வருஷம் என்ற இடத்தில் பல சமயம் தொகுப்பை வலையேற்றிய வருஷம் இருக்கும். 60-களில் வந்த பாட்டு 2005-இல் பிறந்ததாகக் காட்டும். பாடலாசிரியர் பெயர் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அரையணா காகித உறையில் வந்த இபியில்கூட எழுதியவர் யார் என்று போட்டிருப்பார்கள்.

காதை வைத்தே பிரதியை ஓரளவு அடையாளம் காணலாம். பாட்டு தொடங்குமுன் ஒரு கணம் லேசான சரசரப்பு வந்து சட்டென்று அறுபட்டால் அது தட்டிலிருந்து எடுத்தது. பாடகரின் 'ச' மழுங்கி, வயலின்கள் தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் கேட்டால் இரைச்சல் நீக்கும் மென்பொருளை யாரோ அளவில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். இரைச்சலை மட்டும் எடு என்றால் மென்பொருளுக்குப் புரியாது. தம்பூராவின் ரீங்காரமும் புல்லாங்குழலின் மூச்சும் அதற்கு இரைச்சல் போலத்தான் தெரியும். ஒற்றைத்தட ஒலிப்பதிவு இடமும் வலமுமாகப் பரந்து, பாடகர் குளியலறையில் நிற்பதுபோல் இருந்தால் போலி ஸ்டீரியோ பூசியிருக்கிறார்கள். எல்லாமே ஒரே உரத்தில், மெதுவான பல்லவியும் முழு இசைக்குழுவும் ஒரே அளவில் நெஞ்சை முட்டினால், ஒலியின் ஏற்ற இறக்கத்தை நசுக்கியிருக்கிறார்கள். எல்பி பெரும்பாலும் இந்தக் கடைசிக் கொடுமையிலிருந்து தப்பியது. தட்டின் தரத்தில் 60, 70 டெசிபல் தாண்டாது, சிடியில் 96 கிடைக்கும். எண்ணிக்கையில் சிடிதான் மேல். ஆனால் வினைல் பள்ளத்தில் சத்தத்தை ஓரளவுக்கு மேல் ஏற்றினால் ஊசி நிலைகொள்ளாது, பக்கத்தின் நீளமும் குறையும். அந்த உடல் வரம்பு பொறியாளரின் கையைக் கட்டிப்போட்டது. டிஜிட்டலில் கட்டுவதற்கு ஆளில்லை. பெரிய இடத்தை வைத்துக்கொண்டு மேல்மாடியில் மட்டும் குடியிருக்கிறோம்.

இதில் மலேசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. இளையராஜா பாடல்களின் உரிமை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்து 2019-இல் தீர்ப்பு வந்த வழக்கில் அகி மியூசிக் என்ற மலேசிய நிறுவனமும் ஒரு தரப்பு. வழக்கு யாருக்கு உரிமை என்பதைப் பற்றியது. அந்த உரிமையோடு எந்த ஒலிநாடா, எந்த நிலையில், யார் அலமாரியில் இருக்கிறது என்பது வழக்கின் பொருள் அல்ல. அது வழக்குமன்றத்தின் வேலையும் அல்ல. ஆனால் யாருடைய வேலை என்றால், ரசிகர்களான நம்முடைய வேலை என்றுதான் தோன்றுகிறது. நாம் எல்பி உறையைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ரசிகர்களே செய்யும் இன்னொரு வேலை இருக்கிறது, யூடியூபில் வரும் '5.1 ரீமாஸ்டர்'கள். ஒரு கலவைப் பாட்டிலிருந்து குரலையும் தாளத்தையும் அடித்தொனியையும் தனித்தனியே பிரிக்கும் மென்பொருள் இன்று இலவசம். டீசர் நிறுவனம் 2019-இல் ஸ்ப்ளீட்டரை வெளியிட்டபின் இது வீட்டுத்தொழில் ஆகிவிட்டது. பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே ஊதி, எதிரொலி சேர்த்து, மறுபடி கட்டுகிறார்கள். காரில் போட்டால் கதவு அதிரும். நான் இதை முழுக்க நிராகரிக்க மாட்டேன். இளையராஜாவின் பாட்டுகளில் பாஸ் கிதார் பாடகருக்கு எதிராகத் தனியாக ஒரு ராகம் பாடிக்கொண்டு போவதை, கேசட்டில் கேட்டு வளர்ந்த பலர் முதன்முதலாக உணர்ந்தது இந்த வடிவங்களில்தான். ஆனால் இது நச்சினார்க்கினியர் உரை மாதிரி. அடிகளைப் பிரித்து, எங்கோ இருக்கிற சொல்லை இங்கே கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்வார். பல இடத்தில் பிரமாதமாக இருக்கும், பாட்டு எங்கே போயிற்று என்றும் இருக்கும். உரையைப் படிக்கலாம், மூலத்தை வைத்துக்கொண்டு. இன்றைக்குப் பதினெட்டு வயதாகும் ஒருவருக்கு அந்த '5.1' வடிவமே மூலம். தேடினால் அதுதான் முதலில் வருகிறது. பழைய ஒற்றைத்தட வடிவத்தைப் போட்டுக் காட்டினால் "டல்லா இருக்குண்ணே" என்கிறார்.

டல்லாக இல்லை. அதைக் கேட்கும் விதம் வேறு. 50, 60-களின் தமிழ்ப் பாடல்கள் பாடகரும் இசைக்குழுவும் ஒரே கூடத்தில் ஒன்றாக இருந்து, சில மைக்குகளின் முன் வாசித்துப் பதிந்தவை. யார் மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதே அன்றைய கலவை. இடம் வலம் இல்லை, ஆனால் கிட்டே தூரம் என்பது இருக்கிறது. பாடகிக்குப் பின்னால் புல்லாங்குழல், அதற்கும் பின்னால் வயலின்கள் என்று ஆழம் கேட்கும். இதை இரண்டு ஸ்பீக்கரில் போடுவதைவிட ஒன்றில் போட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே குரல் வந்தால் வலது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கும் சற்றே தாமதமாகப் போய்ச் சேரும். அதனால் ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். ஃப்ளாய்ட் டூல் ஒலிபெருக்கி பற்றிய தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நம் மெய்யெழுத்துகளின் தெளிவு அந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறது. ஒரே நல்ல ஸ்பீக்கர், நேராக முன்னால், ஒற்றைத்தட அமைப்பு. கண்ணதாசனின் சொல் ஒவ்வொன்றும் பல் பட்டு வருவது கேட்கும். அப்பாவின் ரேடியோவிலும் ஒரே ஸ்பீக்கர்தானே. செலவு ஒன்றும் இல்லை. கைப்பேசி அமைப்பில் 'மோனோ' என்ற பொத்தானைத் தள்ளி, ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி வைத்தால் போதும்.

அடுத்தது அறை. எல்பி வாங்கும் நண்பர்கள் யாரும் பேசாத விஷயம் இதுதான். லயத்து வீட்டில் ரேடியோ இதமாகக் கேட்டது என்று அப்பா சொல்வதில் பாதி நினைவின் வேலை என்றாலும், மீதி இயற்பியல். லயத்துச் சுவர் பலகை. பலகை தாழ்ந்த ஒலிக்குக் கூடவே அதிர்ந்து அதை விழுங்கிவிடும், கொஞ்சம் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பிவிடும். திறந்த சன்னல் வழியாக மீதி ஒலி வெளியே போய்விடும், திரும்பி வராது. கொடியில் துணி, மூலையில் சுருட்டிய பாய், நெல் சாக்கு. அங்கிருந்து தாமான் வீட்டுக்கு வந்தோம். செங்கல், சிமிண்டுப் பூச்சு, தரையில் டைல்ஸ், கண்ணாடி மேசை. கை தட்டினால் 'டிங்' என்று எதிரொலிக்கும் முன்னறை. அதில் என்ன விலைக்கு ஸ்பீக்கர் வைத்தாலும், சொல் ஒன்று வந்து முடியுமுன் அதன் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. சிலர் இதைத்தான் டிஜிட்டலின் கூர்மை, காதைக் குத்துகிறது என்கிறார்கள். காதைக் குத்துவது டைல்ஸ்.

புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. நிறைந்த புத்தக அலமாரி மிக நல்ல ஒலிச் சிதறடிப்பான். அடுக்கு ஒழுங்காக இல்லாமல், சில புத்தகம் உள்ளே தள்ளியும் சில வெளியே நீட்டியும் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து, டிவி மேசையிலிருந்து இறக்கி, காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் ஒரு பாய். எதிர்ச்சுவரில் கெட்டியான திரை, இல்லாவிட்டால் பழைய மெத்தை. பத்து வெள்ளி கேபிளுக்குப் பதிலாக ஐந்நூறு வெள்ளி கேபிள் வாங்குவதைவிட இது பல மடங்கு கேட்கும். ஐந்நூறு வெள்ளி கேபிள் எதையும் மாற்றாது. மின்விசிறி ஓடும், மழைக்காலத்தில் தகரத்தின் மேல் மழை விழும் நம் ஊர் வீட்டில் 24 பிட் கோப்புக்கு ஆசைப்படுவதும் வீண். 16 பிட்டின் அடிமட்டமே நம் விசிறிச் சத்தத்துக்கு எவ்வளவோ கீழே இருக்கிறது. அந்த ஆசையை நல்ல பிரதி தேடுவதில் செலவழிக்கலாம்.

கேட்கும் பழக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகப் போகிறேன். எல்பியின் ஒரு பக்கம் 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். நடுவில் பாட்டைத் தாண்ட எழுந்து போக வேண்டும் என்பதால் தாண்டுவதில்லை. பிடிக்காத பாட்டும் காதில் விழுகிறது, மூன்றாம் தரம் பிடித்துவிடுகிறது. இதை டிஜிட்டலில் செய்ய இரண்டு விஷயம் போதும். பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே நான்கைந்தாகச் சுருக்குவது, கைப்பேசியை வேறு அறையில் வைப்பது. 'ஹௌ டு நேம் இட்?' (1986) இப்படிக் கேட்க நல்லது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்து இளையராஜா செய்த தொகுப்பு, வி.எஸ்.நரசிம்மனின் வயலின். அதைத் துண்டு துண்டாகப் பட்டியலில் இட்டுக் கேட்டவர்கள் அதை ஒரு பின்னணி இசையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு என் சுழல்தட்டு பிடிக்கவில்லை. "ரெண்டு பாட்டுக்கு ஒருக்கா எந்திரிச்சுப் போவணுமா? முட்டி வலிக்குது தம்பி" என்றுவிட்டார். அவருக்குப் பிடித்தது கேரவான். சாரிகமா நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த, பழைய ரேடியோ வடிவத்திலான பெட்டி. உள்ளே 5,000 பாட்டுகள். ஒலியின் தரம் சுமார்தான், சின்ன ஸ்பீக்கர், அடித்தொனி இருக்கிற மாதிரி நடிக்கும். உள்ளே இருப்பது சாதாரண டிஜிட்டல் கோப்பு. ஆனாலும் அவர் முழுசாக உட்கார்ந்து கேட்கிறார். திரை இல்லை, விளம்பரம் இல்லை, குமிழைத் திருகினால் பாட்டு, அடுத்து என்ன வரும் என்று தெரியாது. அவருக்கு அது நேயர் விருப்பம். மேல்நாட்டில் டிஜிட்டலை எல்பி மாதிரி ஆக்கப் பார்க்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதை ரேடியோ மாதிரி ஆக்கினால் போதும் என்று வியாபாரிக்குப் புரிந்திருக்கிறது, விமர்சகர்களுக்கு இன்னும் புரியவில்லை. ஒரே குறை, அந்த 5,000-ஐயும் ஒரே நிறுவனத்தின் களஞ்சியம் தீர்மானிக்கிறது. அதில் இல்லாத பாட்டு அப்பாவைப் பொறுத்தவரை மெல்ல மெல்ல இல்லாமலே போகிறது.

அப்படி இல்லாத ஒரு பாட்டு என்னிடம் இருக்கிறது. லோரோங் கூலிட்டில் எட்டு வெள்ளிக்கு வாங்கிய இபி. நான்கு பாட்டு. உறையின் பின்பக்கம் கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கிளப் முத்திரை, ஊதா மையில், பாதி அழிந்து. மூன்று பாட்டுகள் எல்லாச் செயலியிலும் கிடைக்கின்றன. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு நான் தேடிய எங்கும் இல்லை. நான்கு நிமிஷத்துக்கும் குறைவு. எல்லாராலும் கைவிடப்பட்ட நகைச்சுவைப் பாட்டு, நன்றாகவும் இல்லை. அப்பா அதைக் கேட்டதும் அடுத்த வரியைத் தானே பாடினார்.

தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, இரண்டு கோப்புகளாகப் பதிந்து வைத்திருக்கிறேன். ஒன்று ஊசியிலிருந்து வந்தது வந்தபடி, எதையும் தொடாமல். மற்றது பெரிய வெடிப்புச் சத்தங்களை மட்டும் கையால் ஒவ்வொன்றாக எடுத்தது, சரசரப்பை விட்டுவிட்டேன். கூடவே ஒரு சிறு குறிப்புக் கோப்பு. 45 ஆர்பிஎம், ஒற்றைத்தடம். இரண்டாம் பக்கம், இரண்டாம் பாட்டு. 1:14-இல் கீறல், ஒரு சொல் பாதி போயிருக்கிறது. 'கொட்டு'வா 'கட்டு'வா தெரியவில்லை. அப்பா 'கொட்டு' என்கிறார். வேறு தட்டு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் ஒப்பிட வேண்டும்.